தாழ்வாரத்துத் தாய்மார்கள்

நமது நேயர்களில் பலர் மகாநாடுகளுக்குப் போயிருப்பார்கள். நாமும் போயிருக்கிறோம். வரவேற்புக் கமிட்டித் தலைவர் வரவேற்பார். அக்கிராசனர் தலைமையுரை நிகழ்த்துவார். தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும். பிறகு எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ரயிலேறி விடுவார்கள். தீர்மானங்கள் மட்டும் மண்டபத்திலேயே தங்கிவிடும்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமையன்று வேறு விதமான மகாநாடு ஒன்றுக்கு நாம் தற்செயலாகப் போக நேர்ந்தது. அதற்கு அக்கிராசனர் இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நடந்த இடம், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரம். பிரதிநிதிகள், சுமார் இருபது தாய்மார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு குழந்தை. அந்தக் குழந்தைகள் அனைவருக்கும் பிறக்கும்போதே இருதயத்தில் ஏதோ ஒரு கோளாறு.

நம் சிநேகிதர் ஒருவர் தம்முடைய பேரனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார். துணைக்கு நாமும் போயிருந்தோம். நமக்குக் கிடைத்த சீட்டின் எண் 64. உள்ளே அழைக்கப்பட்டுக் கொண்டிருந்ததோ 11. ஆகவே மூன்று மணி நேரம் அந்தத் தாழ்வாரத்து விசுப்பலகையில் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் நமக்குக் கிட்டியது. அங்கே கண்டதையும் கேட்டதையும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று அப்போதே தீர்மானித்து விட்டோம்.

அந்தத் தாழ்வாரத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர்தான். ஆரணியக்கா, ராணிப்பேட்டையக்கா, திண்டிவனத்துப் பெண் என்றே ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்கள். ஜாதி என்ன, மதம் என்ன என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. "உங்க பிள்ளைக்கு ஓட்டை மேலேயா, கீழேயா?" என்பதே அங்கே முதல் விசாரணை.

இந்தக் கேள்வியின் பொருள் விளங்காத நேயர்களுக்காகச் சிறிது சொல்லுவோம். இருதயம் என்பது நான்கு அறைகள் கொண்ட ஒரு சிறிய வீடு. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது பக்கத்து அறைகள் உடம்பெங்கும் சுற்றித் திரும்பிய இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அங்கே பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு வரும் இரத்தத்தை இடது பக்கத்து அறைகள் வாங்கி உடம்புக்கு அனுப்புகின்றன. இரண்டு பக்கத்துக்கும் நடுவே சுவர். கரு உண்டாகிச் சுமார் 22 நாள் ஆகும்போதே இந்த வீட்டில் துடிப்பு ஆரம்பித்து விடுகிறது. எட்டு வாரத்துக்குள் சுவர்களும் வாசல்களும் ஒருவாறு கட்டி முடிந்து விடுகின்றன. தான் கர்ப்பமாயிருப்பது தாய்க்கே சரியாகத் தெரியாத காலம் அது! அந்தச் சில வாரங்களில் சுவரில் ஓர் இடைவெளி விட்டுப் போகலாம். ஒரு வாசல் குறுகிப் போகலாம். இரண்டு பெரிய குழாய்கள் இடம் மாறிப் பொருந்திவிடலாம். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இப்படி ஏதோ ஒன்று நேர்கிறது. நம் தேசத்தில் மட்டும் ஆண்டுதோறும் இரண்டு லட்சம் குழந்தைகள் வரையில் இவ்விதம் பிறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சில ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றுக்கு மருந்து போதும். மற்றவற்றுக்கு ரண சிகிச்சைதான் வழி.

இனித் திண்டிவனத்துப் பெண்ணின் விஷயத்துக்கு வருவோம்.

அவளுக்கு வயது இருபத்து மூன்றுக்கு மேல் இராது. மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பார்வைக்கு ஒன்றரை வயதுக் குழந்தை போலிருந்தது. குழந்தையின் விலா எலும்புகள் மூச்சோடு மூச்சாக ஏறி இறங்கிக் கொண்டிருந்தன. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். கீழ் அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருக்கிறதென்றும், அதை ரண சிகிச்சை செய்து மூடிவிட வேண்டுமென்றும் டாக்டர்கள் சொல்லி மூன்று மாதம் ஆகிவிட்டது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் தேதி குறித்துவிடுவார்கள். ஆனால் கையெழுத்துத்தான் விழவில்லை. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். "அம்மா சொல்கிறபடி செய்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டான். அம்மாவோ வேண்டாம் என்கிறாள்.

"பொட்டைப் பிள்ளை. நெஞ்சைப் பிளந்து தைச்சா, கழுத்திலேருந்து வயிறு வரைக்கும் தழும்பு நிக்கும். நாளைக்கு எவன் கட்டுவான்? மருந்து குடுத்துக்கிட்டே இருந்தா தானா மூடிக்கிடும்னு எங்க ஊரிலே சொல்றாங்க. எல்லாம் இவ கிரகணத்தன்னிக்கு வாசல்லே வந்து நின்னதாலே வந்த வினை" என்றாள் கிழவி.

மூன்று வயதுக் குழந்தையின் கல்யாணத்தைப் பற்றி இவ்வளவு கவலையா என்று நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மருமகளின் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தை பிறந்த நாளிலிருந்து அவள் இந்தக் கிரகணத்தைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறாள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

நேயர்களே, இந்தக் கிரகண விஷயத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். சூரியனும் சந்திரனும் நம் வீட்டு வாசலைக் கவனிப்பதில்லை. பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் இன்ன காரணத்தால்தான் இருதயம் பழுதாயிற்று என்று வைத்திய சாஸ்திரத்தினால் திட்டமாகச் சொல்ல முடிவதில்லை. நிச்சயமாகத் தெரிந்த காரணங்கள் சில உண்டு: கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா என்னும் ஒரு வகை மணல்வாரி காய்ச்சல் கண்டிருப்பது, அடங்காத நீரிழிவு, சில வகை மருந்துகள், பிறவியிலேயே அமைந்துவிடும் சில நுண்ணிய குறைகள். நெருங்கிய உறவில் கல்யாணம் செய்துகொள்வதால் இந்த அபாயம் கூடுகிறதென்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இவற்றில் எதுவும் தாய் வேண்டுமென்று செய்த குற்றம் அல்லவே! பெண்ணை மாமன் மகனுக்குக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். பழி மட்டும் பெற்றவளுக்கா?

ருபெல்லா என்று சொன்னோமே, அந்த உண்மை வெளிப்பட்ட கதையும் ஒரு தாழ்வாரத்துக் கதைதான். 1941-ம் வருஷம் ஆஸ்திரேலியாவில், ஸிட்னி நகரத்தில், நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர் இருந்தார். கண்ணில் பூ விழுந்த பச்சைக் குழந்தைகள் வழக்கத்துக்கு மேல் அதிகமாக அவரிடம் வந்தன. அவற்றில் பல குழந்தைகளுக்கு இருதயத்திலும் கோளாறு இருந்தது. காரணம் தெரியவில்லை. காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, தாங்கள் கர்ப்பமாயிருந்த காலத்தில் அந்தக் காய்ச்சல் கண்டிருந்ததாகச் சொல்லிக்கொண்டார்களாம். டாக்டர் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டார். மற்றத் தாய்மார்களையும் விசாரித்தார். அதே பதில் கிடைத்தது. உலகத்து வைத்திய மேதைகள் அதுவரை அறியாதிருந்த ஓர் உண்மை வெளியாயிற்று. பிற்காலத்தில் தடுப்பு ஊசி வந்தது. நம் நாட்டில் 2017-ம் வருஷம் மணல்வாரிக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்துத் தடுப்பு ஊசி இயக்கம் ஆரம்பித்தபோது, முதலில் இறங்கிய ராஜ்யங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெண்கள் கூடினால் வெறும் பேச்சுத்தான் என்று சொல்லும் புருஷர்கள் இதைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கிழவி பேசி முடித்ததும் தாழ்வாரத்தில் ஒரு கணம் மௌனம் நிலவிற்று. பிறகு ஆரணியக்கா எழுந்து வந்து கிழவியின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். பட்டு நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவள். வயது ஐம்பது இருக்கும். அவளுக்கு இப்போது சிகிச்சைக்குரிய குழந்தை கிடையாது. தன் தெருவில் புதிதாக ஒரு குழந்தைக்கு இந்தக் கோளாறு இருப்பது தெரிந்து, அந்தத் தாய்க்கு வழி காட்ட வந்திருந்தாள். இப்படி இதுவரை ஏழெட்டுப் பேரை அழைத்து வந்திருக்கிறாளாம்.

"ஆயா, எம் பொண்ணுக்கும் இதே ஓட்டைதான். 2001-லே நாலு வயசிலே அறுத்தாங்க. நானும் உங்களை மாதிரிதான் அழுதேன்" என்று சொல்லி, கைத் தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். சிறிய கண்ணாடித் திரையில் ஓர் இளம் பெண்ணின் முகம் தோன்றிற்று. இடுப்பில் ஒரு குழந்தை.

"ஆயாவுக்குத் தழும்பைக் காட்டுடி" என்றாள் தாய்.

அந்தப் பெண் சிறிதும் கூச்சப்படவில்லை. கழுத்துக்குக் கீழே புடவையைச் சற்று ஒதுக்கிக் காட்டினாள். வெளிறிப் போன மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. "இதை முதல்லேயே எங்க வீட்டுக்காரர்கிட்டே சொல்லிட்டோம் ஆயா. டாக்டரம்மாவையும் கேட்டோம். பிள்ளை பெத்துக்கலாம்னாங்க. இதோ பெத்துக்கிட்டேன். நான் அறுத்துக்கலேன்னா இன்னிக்குக் கட்டிக்க யாரு இருந்திருப்பா?" என்று கேட்டாள்.

இது கிழவியின் மூளைக்குப் போயிருக்கலாம். மனத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக் கொண்டாள். ஆரணியக்கா விவாதம் செய்யவில்லை. வேறு எதையோ விசாரிப்பதுபோல், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஆயா?" என்று கேட்டாள்.

"நாலு. மூணு இருக்குது."

"இன்னொண்ணு?"

கிழவி வெகு நேரம் பேசாமலிருந்தாள். பிறகு சொன்னாள். இரண்டாவது பெண். பால் குடிக்கும்போதே நெற்றியெல்லாம் வியர்த்துப் போகுமாம். நாலு வாய் குடித்ததும் களைத்துத் தூங்கிவிடுமாம். மாதத்துக்கு ஒரு தரம் சளி, மூச்சிரைப்பு. இரண்டு வயதில் ஒரு நாள் ராத்திரி போய்விட்டது. பேய் அடித்துவிட்டதென்று எல்லோரும் சொன்னார்களாம். "இவளைப் பார்க்கிறப்போ எல்லாம் அவதான் ஞாபகத்துக்கு வர்றா. உள்ளே கொண்டு போயிட்டுத் திரும்பிக் கொண்டு வரலேன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கல்யாணக் கவலையென்றும் கிரகணமென்றும் அவள் சொன்னதெல்லாம் மேல்போர்வை. அடியில் இருந்தது பயம். அதை டாக்டர்களின் விளக்கமும் வெளியே கொண்டுவரவில்லை. நம்முடைய சிரிப்பும் கொண்டுவரவில்லை. அதே பயத்தைத் தானும் ஒரு காலத்தில் பட்டிருந்த இன்னொரு தாயின் ஒரு கேள்விதான் கொண்டுவந்தது.

கிழவி ஒருத்தியின் பேதைமை என்று இதை நாம் தள்ளிவிடுவதற்கில்லை. டில்லியிலுள்ள அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தில் ஒரு கணக்கு எடுத்து 2011-ம் வருஷம் வெளியிட்டார்கள். பிறவி இருதயக் கோளாறுக்கு ரண சிகிச்சை அவசியமென்று சொல்லப்பட்ட நானூறு சொச்சம் குழந்தைகளின் வீடுகளை விசாரித்தார்கள். ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 70 பேருக்குச் சிகிச்சை நடந்திருந்தது. பெண் குழந்தைகளில் நூற்றுக்கு 44 பேருக்குத்தான். கோளாறு ஒன்றுதான், டாக்டர்கள் ஒருவர்தான், ஆனால் வீட்டுக்குப் போனதும் தராசு சாய்ந்துவிடுகிறது. பெண்ணின் கல்யாணத்துக்குத் தழும்பு இடைஞ்சலாகும் என்ற பயமும் காரணங்களில் ஒன்றென்று அந்த ஆராய்ச்சியிலேயே வெளிப்பட்டது. திண்டிவனத்துக் கிழவி சொன்னதைத்தான் டில்லியிலும் சொல்லியிருக்கிறார்கள். பாஷைதான் வேறு.

தள்ளிப்போட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். பெரிய ஓட்டை வழியாக வருஷக்கணக்காக அதிக இரத்தம் பாய்ந்துகொண்டே இருந்தால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிப் போகின்றன. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஓட்டையை மூடுவதே உயிருக்கு ஆபத்து. அப்போது உலகத்திலுள்ள எந்த ரண வைத்தியரும், "இனிமேல் முடியாது, அம்மா" என்றுதான் சொல்வார். ஒரு காலத்தில் திறந்திருந்த கதவு, காத்திருந்ததனாலேயே மூடிப் போகிறது. திண்டிவனத்துப் பெண்ணின் மடியில் இருந்த குழந்தைக்கு அந்தக் கதவு இன்னும் திறந்திருந்தது. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

அந்தக் கதவைத் திறப்பதற்கு மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1938-ல் பாஸ்டன் நகரத்தில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் டாக்டர், ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஓர் இரத்தக் குழாய் மூடாமலிருந்ததைக் கட்டி வெற்றி கண்டார். 1944-ம் வருஷம் நவம்பர் மாதம் பால்டிமோர் நகரத்தில், உடம்பு நீலம் பாரித்த பதினைந்து மாதக் குழந்தைக்கு ஆல்பிரட் பிளாலாக் ரண சிகிச்சை செய்தார். அதற்கு யோசனை சொன்னவர் ஹெலன் டௌஸிக் என்ற பெண் டாக்டர், காது மந்தமானவர், விரல் நுனியினாலேயே குழந்தைகளின் இருதயத் துடிப்பைப் படித்தவர். செய்முறையைச் சோதனைச் சாலையில் வகுத்துக் கொடுத்தவர் விவியன் தாமஸ் என்ற நீக்ரோ இனத்தவர். கலாசாலைப் படிப்புக்கு வசதியில்லாமற் போன அவருக்கு, நிறவெறி நிலவிய அந்நாளில் உரிய பெயர் கிடைக்கப் பல வருஷங்கள் ஆயின. 1954-ல் மினஸோட்டாவில் வால்டன் லில்லஹை என்பவர் செய்ததோ ஆச்சரியத்திலும் ஆச்சரியம். ஓட்டையைத் தைக்கும் நேரத்தில் குழந்தையின் இரத்தத்துக்குப் பிராணவாயு கொடுக்க வேண்டுமே! தகப்பனைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து, அவருடைய இரத்த ஓட்டத்தோடு குழந்தையின் இரத்த ஓட்டத்தைக் குழாய்களால் இணைத்துவிட்டார். தகப்பனின் இருதயமும் நுரையீரலும் இரண்டு உயிருக்குமாக வேலை செய்தன. அந்த முதல் குழந்தை பிழைக்கவில்லை. ஆனால் இவ்விதம் சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். பிறகு அந்த வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1961-ம் வருஷம் இருதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சை வெற்றியுடன் ஆரம்பமாயிற்று. இன்று சென்னையில் அது அன்றாட வேலை.

பணம்? அதற்கும் ஓரளவு வழி இருக்கிறது. 2013-ம் வருஷம் முதல் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய திட்டத்தின் கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையில் அங்கன்வாடிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வைத்தியக் கோஷ்டிகள் பரிசோதனை செய்து வருகின்றன. அவை தேடும் பிறவிக் குறைகளில் இருதயக் கோளாறும் ஒன்று. தமிழ்நாட்டில் 2012-ம் வருஷம் துவங்கிய முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் திட்டம் இருப்பது வேறு. அது இருப்பதாக ஒரு தாய்க்குத் தெரிவது வேறு. எந்த ஜன்னலில் எந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும், எந்த அட்டையின் நகல் எத்தனை வேண்டும் என்ற வித்தையெல்லாம் தாழ்வாரத்தில்தான் கற்றுக் கொடுக்கப்படுகிறது.

இன்னும் எத்தனையோ வித்தைகள் அங்கே உண்டு. மூன்று மணி நேரத்தில் நம் காதில் விழுந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்லுகிறோம். இருதயக் குழந்தைக்கு ஒரே மூச்சில் பால் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் குடிக்கவிட்டு, கொஞ்சம் இளைப்பாறவிட்டு, மறுபடி கொடுக்க வேண்டும். நீலக் குழந்தை அழுது அழுது மேலும் கறுத்துப் போனால், இரு முழங்கால்களையும் மடக்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுகையை அமர்த்தி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பல்லைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தைப் போய்ப் பிடிக்கும். சிகிச்சைக்குப் பிறகு நெஞ்செலும்பு கூடும் வரையில், ஏறக்குறைய ஆறு வாரம், குழந்தையைக் கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்து அள்ளி எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் டாக்டர்களும் நர்ஸுகளும் சொல்லாமலில்லை. ஆனால் 64 பேரைப் பார்க்க வேண்டிய டாக்டர் ஒரு தரம்தான் சொல்ல முடியும். பயத்தில் இருக்கும் தாய்க்கு ஒரு தரம் சொன்னது காதில் ஏறாது. பத்துத் தரம் சொல்வதற்கு இன்னொரு தாய் வேண்டியிருக்கிறது.

மற்றொரு சிறிய வித்தையையும் சொல்ல வேண்டும். நோயாளிக் குழந்தையையே கவனித்துக்கொண்டிருந்தால் வீட்டிலிருக்கும் மற்றக் குழந்தை ஏங்கிப்போகும் என்று ராணிப்பேட்டையக்கா ஒருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தினம் கால்மணி நேரம் பெரியவனை மட்டும் மடியிலே போட்டுக்கோ. அப்போ சின்னதைப் பத்திப் பேசாதே" என்றாள். எந்தப் புத்தகத்தில் படித்தாளோ, தெரியாது.

அந்த ராணிப்பேட்டையக்காவைப் பற்றி நாம் பிறகுதான் கேட்டறிந்தோம். அவளுடைய மகனுக்கு இருதயத்தில் ஓர் அறையே சரியாக வளரவில்லை. மூன்று ரண சிகிச்சைகள் நடந்தன. மூன்றாவதற்குப் பின் அவன் திரும்பவில்லை. அது நடந்து நான்கு வருஷமாகிறது. ஆயினும் மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்துவிடுகிறாள். ஒரு தூக்கில் மோர் கொண்டு வருகிறாள். புதிதாக வந்தவர்களின் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுக்கிறாள். "எல்லாம் சரியாயிடும்" என்று யாரிடமும் சொல்வதில்லையாம். "நான் இங்கேதான் இருப்பேன்" என்று மட்டும் சொல்வாளாம். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை என்பதை அந்தத் தாழ்வாரம் மறைப்பதில்லை. மறைக்காததனாலேயே அதன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது.

தாய்மார்களின் இந்தத் தோழமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் விடப்பட்ட குழந்தையோடு தாய் தங்கக் கூடாது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரம் பார்த்துவிட்டு வரலாம். அது தவறென்று 1959-ம் வருஷம் சர்க்கார் கமிட்டி ஒன்று சொல்லிற்று. சொன்னதோடு காரியம் நடந்துவிடுமா? 1961-ல் லண்டனில் பாட்டர்ஸி என்னும் பகுதியைச் சேர்ந்த சில தாய்மார்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக் கதவைத் தட்டினார்கள். கதவு திறந்தது. அமெரிக்காவில், பிறந்த குழந்தையின் கையிலும் காலிலும் சிறிய சிவப்பு விளக்குக் கருவியை வைத்து இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளந்தால் கொடிய இருதயக் கோளாறுகளில் பலவற்றைச் சில நிமிஷங்களில் கண்டுகொள்ளலாம் என்று தெரிந்திருந்தும், அது எங்கும் கட்டாயமாயிருக்கவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களும், தற்செயலாகக் காப்பாற்றிக்கொண்ட தாய்மார்களும் சட்டசபைகளுக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள். 2011-ல் நியூ ஜெர்ஸியில் அது கட்டாயமாயிற்று. மற்ற ராஜ்யங்களும் பின்தொடர்ந்தன. கட்டாயமாக்கிய ராஜ்யங்களில் அவ்விதக் கோளாறுகளால் ஏற்படும் சிசு மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2017-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

தாழ்வாரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அதை ஆரணியக்காவே சொன்னாள். "என்ன வேணாலும் கேளுங்க. மருந்தை மட்டும் கேக்காதீங்க. எம் பொண்ணு மருந்து உங்க பொண்ணுக்கு விஷம்" என்றாள். ஒரு குழந்தையின் இருதயம் போல் இன்னொரு குழந்தையின் இருதயம் இராது. சொட்டு மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. தைரியத்தைக் கூட்டுவதுதான் தாய்மார்களின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத வரையில் க்ஷேமம்.

அன்று நம் எண் அழைக்கப்பட்டு, நாம் உள்ளே போய்த் திரும்பியபோது திண்டிவனத்துப் பெண்ணும் மாமியாரும் அங்கே இல்லை. கையெழுத்துப் போட்டார்களா, ஊருக்குத் திரும்பிப் போனார்களா என்று தெரியாமலே நாமும் வீடு திரும்பினோம்.

சென்ற வாரம் சிநேகிதரின் பேரனுக்கு மறு பரிசோதனை. மறுபடியும் துணைக்குப் போனோம். இந்தத் தடவை எண் 52, முன்னேற்றம்தான். தாழ்வாரத்தில் ஏறும்போதே ஒரு பெரிய அதட்டல் காதில் விழுந்தது.

"அடியே, கையைப் பிடிச்சுத் தூக்காதே! நெஞ்செலும்பு கூட வேணாமா? அடியிலே கை குடுத்து அள்ளிக்கோ! இங்கே பாரு, இப்படி!"

அதட்டியவள் நம் திண்டிவனத்துக் கிழவி! அவள் மடியில் பேத்தி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே சட்டைக்கு மேலாகப் புதுத் தழும்பின் நுனி தெரிந்தது. விலா எலும்புகள் இப்போது ஓடவில்லை. எதிரே, முந்தின வாரம் சிகிச்சை முடிந்த குழந்தையோடு புதிய தாய் ஒருத்தி, சொன்னபடியே செய்துகொண்டிருந்தாள். மருமகள் சற்று தூரத்தில் உட்கார்ந்து இட்டிலிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது சொற்பம்தான். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, களைத்து, எடை ஏறாமல், மூச்சு வாங்கி, அல்லது உதடு நீலம் பாரித்து ஒரு குழந்தை இருந்தால், பேயையும் கிரகணத்தையும் தேடாமல் டாக்டரைத் தேடச் சொல்லுங்கள். அந்தத் தாயைப் பார்த்து, "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். அது பெண் குழந்தையாயிருந்தால், தழும்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கப் போகும் வீட்டில் பெண்ணின் நெஞ்சில் அப்படி ஒரு கோடு இருக்கிறதென்று பெற்றோர்கள் சொன்னால், டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தாராளமாகத் தாம்பூலம் மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கோடு, ஒரு குடும்பம் தன் பெண் குழந்தை உயிரோடிருக்க வேண்டுமென்று விரும்பியதற்கு அடையாளம். அப்படிப்பட்ட குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.